பொலித்தீன் சுற்றிய சேணம்

எங்கள் வீட்டில் புதிய பொருள் எதற்கும் உறை கழற்றப்படுவதில்லை. வரவேற்பறைச் சோபா, ஹனோவரில் நாங்கள் அதை வாங்கிய நாள் முதல் பொலித்தீனுக்குள்தான் இருந்தது. தொலைக்காட்சி ரிமோட்டும் அவ்வாறே. ஒருவர் எழும்பினால் சோபா சரசரக்கும். அதனை நான் ஒழுங்கின் அடையாளமாகவே கருதிவந்தேன்.

ஆகவே, மகள் குதிரையிலிருந்து விழுந்து தோள் எலும்பை முறித்துக்கொண்ட இலையுதிர்காலத்தில், அவளுடைய சேணத்தை மனைவி பொலித்தீனால் இறுகச் சுற்றி நிலவறையில் வைத்தது எனக்கு இயல்பாகவே தோன்றியது. மகளோ அதை வேறுவிதமாக விளங்கிக்கொண்டாள். இனித் தனக்குக் குதிரை இல்லை என்பது அவள் முடிவு. பதினாறு வயது, கேட்கவும் இல்லை, அழவும் இல்லை.

வெளியிலும் பேச்சிருந்தது. "ஊரெல்லாம் பிள்ளையளுக்குப் பரதம் பழக்குது, அண்ணை குதிரைப்படை கட்டுறார்" என்று எங்கள் ஆட்களில் ஒருவர் திருமண மண்டபத்தில் பலர் கேட்கச் சொன்னார். நான் உணவருந்தாமலே வீடு திரும்பினேன்.

வசந்தம் பிறக்கையில் மகள் மீண்டும் சவாரி செய்யலாம் என்று வைத்தியர் கூறினார். ஈஸ்டர் கழிந்ததும் அவள் சவாரி பழகும் லாயத்தில் திறந்தவெளிச் சவாரி தொடங்கும். அதற்குமுன் சேணத்தையும் கடிவாளத்தையும் துடைத்து, வார்களின் தையல்களைச் சோதித்து ஆயத்தமாக்க வேண்டும். மகள் அதைப்பற்றி வாய் திறக்கவே இல்லை. ஒரு சனிக்கிழமை காலை மனைவியே நிலவறைக்குச் சென்று அந்தப் பொதியைச் சுமந்துவந்து சமையலறை மேசையில் வைத்தார்.

பொலித்தீனை வெட்டியதும் புழுங்கிய வாசனை எழுந்தது. சேணம் முழுவதும் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. தோலுக்குக் காற்று வேண்டும் என்பதை நாங்கள் இருவரும் அறிந்திருக்கவில்லை.

மகள் கதவருகில் நின்றாள்.

"இதுக்குத்தானே கட்டி வைச்சனீங்கள்?" என்றாள், மெதுவாக.

மனைவி சேணத்தின் மேலிருந்து கையை எடுக்கவில்லை. "பழுதாப் போகக்கூடாதெண்டுதான் பிள்ளை சுத்தினனான். நீ திரும்ப ஏறேக்கை புதுசு மாதிரி இருக்கவேணுமெண்டு."

"அப்ப நான் ஏறலாமோ?"

"இல்லாட்டி நான் ஏன் உந்தப் பாரத்தைக் காவிக்கொண்டு வாறன்? பயம் எனக்கு இருக்கும். அது என்ர பாடு."

மகள் வந்து தாயின் தோளில் முகத்தை வைத்துச் சிறிது நேரம் நின்றாள். நான் பத்திரிகைத் தாள்களை மேசையில் விரித்தேன். செய்வதற்கு எனக்கு அப்போது வேறொன்றும் அகப்படவில்லை.

அன்று முழுவதும் சமையலுக்கு வைத்திருந்த வினாகிரியைக் கலந்த நீரால் பூஞ்சணத்தைத் துடைத்தோம். ஈரம் உலரட்டும் என்று மனைவி சேணத்தை வெப்பமூட்டியின் மேல் வைக்கப் போனார். தோல் வெடித்துவிடும் என்று மகள் தடுத்து, திறந்த யன்னலருகே வைத்தாள். கடிவாள வார்களுக்கு மெழுகு பூசும் வேலை எனக்குத் தரப்பட்டது. முழுக்கைச் சட்டையின் கைகளை மடித்துவிட்டு நான் பெருஞ்சிரத்தையோடு பூசியதைக் கண்டு தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தனர். நான் அதைக் கவனியாதவன் போலிருந்தேன்.

முதற் சவாரியன்று மனைவி வேலியருகே கண்களை மூடிக்கொண்டு நின்றார்.

"இஞ்சேருங்கோ, ஏறிட்டாளோ?"

"ஏறிட்டாள்."

"நேரா இருக்கிறாளோ?"

"ஓம். நீர் ஒருக்கால் பாரும்."

அவர் பார்த்தார்.

மாலையில் வீட்டுக்கு வந்த சேணத்தின்மீது மனைவி தமது பழைய பருத்திச் சேலையொன்றைப் போர்த்தினார். அதனூடே காற்றுப் போகுமா என்று மகளிடம் கேட்டறிந்த பின்னரே போர்த்தினார்.