குலைக்காரன் தந்த தண்ணீர்

எங்கள் குடும்பக் கோயில் வில்லுப்பாட்டில் ஒரு குலைக்காரன் வருவான். தலையில் வாழைக்குலையோடு வெயிலில் நடந்து வருகிறவன். அவனை உண்டாக்கியது நான். லாரி வாங்கியதை ஊர் முழுக்கச் சொன்னேன், வீடு கட்டியதைச் சொன்னேன், மகளை டாக்டராக்கியதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் செய்ததிலேயே பெரிய காரியமான இதை மட்டும் சொல்ல வழியில்லாமல், உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் கொஞ்ச காலம் அலைந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். வடசேரி சந்தையில் அடுத்தவன் குலையைச் சுமந்து, பிறகு என் குலையை அடுத்தவன் சுமக்கும்படி ஆனவன். கதைப் புத்தகம் ஒன்றைக்கூட முழுதாக வாசித்தது கிடையாது. ஆனால் கதை என்றால் என்ன என்று படித்தவர்கள் மேடை போட்டுப் பேசும்போது எனக்குச் சிரிப்பு வரும். அவர்களில் யாராவது ஒரு வரி சொல்லிச் சாமியை வரவழைத்திருக்கிறார்களா? நான் வரவழைத்திருக்கிறேன்.

எங்கள் கோயிலில் இருப்பது ஒரு கன்னி. வீட்டாரோடு பிணங்கி உச்சிவெயிலில் இறங்கி நடந்தவள். வழியில் வீடு வீடாகத் தண்ணீர் கேட்டாள், யாரும் கொடுக்கவில்லை, குளத்தங்கரையில் விழுந்து செத்தாள். வருஷத் திருவிழாவான கொடை நாளில் மத்தியானம் இந்தக் கதையை வில்லில் பாடுவார்கள். அவள் விழுகிற இடம் வரும்போது எங்கள் குடும்பத்துப் பெண்களில் ஒருத்தி மேல் சாமி வரும். என் மனைவி கல்யாணம் ஆகி வந்த வருஷத்திலிருந்து அவள் மேல்தான் வந்தது. கூட்டத்தில் முகம் காட்டக் கூச்சப்படுகிற பெண் அவள். அந்த ஒரு நாள் அவள் சொல்லுக்கு ஊரே கை கட்டி நிற்கும். நானும்தான் நிற்பேன்.

கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பிறகு சாமி வருவது நின்றுபோயிற்று. கொடைக்குக் கொடை அவள் குளித்து, ஈரத்தலையை விரித்துப் போட்டு வில்லுக்கு முன்னால் உட்காருவாள். கன்னி விழுவாள், குடமும் உடுக்கும் முழங்கும், பாட்டு அவளைத் தாண்டிப் போய்விடும். அவள் மெதுவாகத் தலையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு எழுந்து பொங்கப்பானைப் பக்கம் போவாள்.

“கன்னி என்னைக் கழிச்சுப் போட்டா” என்றாள் ஒருநாள், மீன் கழுவிக்கொண்டே. “வயித்துல ஒண்ணும் இல்லாதவ எதுக்குன்னு நெனச்சிருப்பா.”

எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரிக்கு வேண்டுமானாலும் நான் கூட்டிக்கொண்டு போவேன். இதற்கு எங்கே கூட்டிக்கொண்டு போவது?

அந்த வருஷம் பாட வந்த புலவர் ஒரு பெண், இரணியல் பக்கத்துக்காரி. கணீரென்ற குரல். கொடைக்கு முன்பு கதையைச் சரிபார்க்க வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் சொல்லச் சொல்ல எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. இத்தனை வீட்டில் ஒருத்தன்கூடவா தண்ணீர் கொடுக்கமாட்டான்? நான் குலை சுமந்து நடந்த வழியில் எனக்கு யாரும் தண்ணீர் இல்லை என்று சொன்னதில்லை.

“பிள்ளே, இதுல ஒருத்தனச் சேக்கணும்” என்றேன். “குலை சுமக்கவன். அவன் எறக்கி வச்சிட்டு ஒரு தேங்காச் சிரட்டையில தண்ணி குடுக்கான்.”

“அண்ணாச்சி, தண்ணி குடிச்சா அவ சாவ மாட்டாளே. சாவலன்னா சாமி எங்க, கொடை எங்க? எனக்க பொழப்பு எங்க?”

“குடிச்சிட்டுச் சாவட்டும். தொண்டை காஞ்சு சாவாண்டாம்.”

அவள் வில்லடிக்கிற வீசுகோலால் தன் முழங்காலைத் தட்டியபடி யோசித்தாள். “உங்களையே பாட்டுக்குள்ள ஏத்தப் பாக்கியளோ?”

அதுவும் இருந்தது. இல்லை என்று சொல்லமாட்டேன். வாழைக்குலை வியாபாரி ஒருத்தன் சாமி கதையில் இருந்தால் என்ன குறைந்துபோகும்? அவள் சிரித்துக்கொண்டே மெட்டுக்குள் அடக்கிவிட்டாள்.

கொடை மத்தியானம், குலைக்காரன் பாட்டுக்குள் வந்தான். சும்மாட்டை அவிழ்த்தான், தண்ணீரை நீட்டினான். நான் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், என் சரக்கு எப்படிப் போகிறது என்று. அப்போது என் மனைவியிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. கன்னி விழுகிற இடம் இன்னும் வெகுதூரத்தில் இருந்தது. அதற்குள் அவள் எழுந்துவிட்டாள். தலைமுடி சுழல, “எனக்குத் தண்ணி தந்தவன் எங்க?” என்று கேட்டாள். புலவரின் கை வில்லில் ஒரு அடி தவறியது. புலவர்பிள்ளை என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

என் சித்தப்பா மகன், எனக்கு மூத்தவர், கோயில் காரியங்களைப் பார்க்கிறவர். கொடை முடிந்த கையோடு சொன்னார்: “அந்தக் குலைக்காரனுக்கு ஒரு பீடம் போடணும்லே. தேடுதா பாத்தியா? இத்தன வருஷம் அவன நிக்க எடமில்லாம விட்டுட்டோம்.”

“பழைய பாட்டுல அவன் உண்டா அண்ணே?” என்று கேட்டுப் பார்த்தேன்.

“இல்லாமலா கேக்கா? நீ குலைய விப்பியா, சாமிக்குக் கணக்குச் சொல்லுவியா?”

பீடம் வந்தது. சிமெண்ட் பூசி, காவி அடித்து, என்னைவிட நல்ல நிறமாக நின்றது. வெள்ளிக்கிழமைதோறும் என் மனைவி அதன் முன்னால் தண்ணீர் வைத்தாள். அவள் நடையே மாறியிருந்தது. மருமகளை அதட்டினாள். என்னையும் அதட்டினாள். இத்தனை வருஷம் கழித்து வீட்டுக்குள் ஒரு ஆள் திரும்பி வந்தமாதிரி இருந்தது.

எனக்குத்தான் நிம்மதி போயிற்று. வியாபாரத்தில் பொய் என்றால் எனக்குத் தெரியும். மேலே நல்ல சீப்பு, அடியில் கருத்தது. வாங்கினவன் வீட்டுக்குப் போனதும் பொய் தெரிந்துவிடும். இது என்ன வகைச் சரக்கு? இல்லாத ஆள், இல்லாத தண்ணீர், குடித்தவளுக்குத் தாகம் தீர்ந்திருக்கிறதே. அப்படியானால் மற்றதெல்லாம்? கன்னியையும் என்னைப்போல ஒருத்தன் ஒரு மத்தியானத்தில் சொல்லிச் சேர்த்ததுதானா? அவனுக்கும் வெளியே சொல்ல வாய் துடித்திருக்குமா? வடசேரியில் லாரி நிற்கும். நான் இறங்காமல் உட்கார்ந்திருப்பேன். இறங்கினால் யாரிடமாவது சொல்லிவிடுவேன். “அந்த வரி என்னுது” என்ற மூன்று சொல் நாக்கு நுனியிலேயே நின்றது. சொன்னால் எனக்குப் பெருமை, அவளுக்கு மறுபடியும் தலையைச் சுருட்டிக் கட்டுகிற மத்தியானம்.

அப்போதுதான் நாகர்கோவிலிலிருந்து ஒரு பேராசிரியர் வந்தார். வில்லுப்பாட்டுகளைச் சேர்த்துப் புத்தகம் போடுகிறவர், தன்மையான மனிதர். என் மனைவி கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டுக் கேட்டார்.

“ஐயா, இதே கன்னி கதையை வேற ரெண்டு எடத்துல பதிவு பண்ணியிருக்கேன். குலைக்காரன் அங்க இல்ல. எனக்கு அந்த எடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. யார் சேர்த்ததுன்னு தெரிஞ்சா அவர் பேரையும் போடலாம்.”

என் பெயர், அச்சில். என் மனைவி வாசல்நடையில் தட்டோடு நின்றாள். எனக்குக் காது இரண்டும் சுட்டது. “விசாரிச்சுச் சொல்லுதேன்” என்றேன்.

அவர் போன பிறகு நான் முற்றத்துக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். தண்ணீர் குடித்தேன். மறுபடியும் நடந்தேன்.

“எதுக்கு இப்படிக் கெடந்து சுத்துதிய? மூலம் கடிக்கா?” என்றாள்.

“அந்தக் குலைக்காரன் இருக்கான்லா,” என்றேன். “அவன நான்தான் சொல்லிச் சேத்தேன். அந்தப் புலவர்பிள்ளை கிட்ட. அப்படி ஒருத்தன் கெடையாது.”

சொன்ன பிறகு அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. அடுப்பில் உலை கொதித்து மூடி ஆடியது. அவள் அதைக்கூட நீக்கி வைக்கவில்லை.

“சிரட்டையிலன்னு சொன்னது நீங்களா?” என்றாள்.

“ஆமா.”

“சிரட்டை இல்ல. இலையைக் கோட்டித்தான் தந்தான். குடிக்கும்போ உதட்டுல பட்டது குளுந்து கெடந்தது. சிரட்டைன்னா முனை குத்தாதா?”

குலை சுமக்கிறவன் கையில் சிரட்டை எப்படி வரும்? அவனிடம் இருப்பது வாழை இலைதான். அதைக் கிழித்து, குழிவாகக் கோட்டி, தோட்டில் ஓடுகிற தண்ணீரில் முக்கியெடுத்துத்தான் கொடுப்பான். நானே எத்தனை தடவை அப்படிக் குடித்திருக்கிறேன். ஆயுசு முழுக்க வாழையோடு கிடந்த எனக்கு இது தோன்றவில்லை. அவன் என்னுடைய ஆள்தான். ஆனால் அவன் என்ன செய்தான் என்று எனக்குத் தெரியவில்லை, இவளுக்குத் தெரிந்திருக்கிறது.

“நான் சொன்னது காதுல ஏறுச்சா?” என்று கேட்டேன். “அவன் கெடையாதுன்னு சொல்லுதேன்.”

“கேட்டுது. அதுக்கு? வரும் கொடைக்கு இலைன்னு பாடச் சொல்லுங்க. சிரட்டைன்னு வந்தா எனக்கு ஒறுத்திக்கிட்டே இருக்கு.”

புலவருக்கு ஃபோன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரித்தாள். “தாளம் இடிக்குமே அண்ணாச்சி. சரி, மாத்தலாம். இதும் உங்களுக்க வரிதானா?”

இத்தனை நாள் நான் காத்திருந்த கேள்வி. நான் ஃபோனைக் காதிலிருந்து எடுத்தேன். என் மனைவி கீரைக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, “இங்க தாங்க” என்று ஃபோனை வாங்கிக்கொண்டாள். வாங்கியதும் என்னைப் பார்த்து, கொஞ்சம் வெளியே போகும்படி தலையை ஆட்டினாள்.

முற்றத்தில் நடந்துகொண்டிருந்தேன். அடுக்களைக்குள் அவள் தாழ்ந்த குரலில் எதையோ சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் ஒருமுறை மெட்டோடு சொன்ன மாதிரியும் இருந்தது. சன்னல் பக்கம் போய் நின்று பார்த்தேன். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.