அக்கா சென்னைக்கு அனுப்பிய தண்ணீர்

புகாருக்குள்ளான கிணற்றில் நீர் மாதிரி எடுப்பவர், தம் கையாலேயே இறைத்து, அந்த நீரிலேயே புட்டியை அலசி, அங்கேயே அரக்கு வைத்து மூட வேண்டும் என்பது விதி. நகராட்சிச் சுகாதாரப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த எனக்கு அது மனப்பாடம். என் அக்காவுக்கு அது எப்படித் தெரியும்?

ஐம்பதுகளின் கடைசியில், திண்டுக்கல்லை ஒட்டி, ஓடையோரம் அவளுக்கு ஒரு மல்லிகைத் தோட்டம் இருந்தது. அத்தான் போனபின் அதுதான் பிழைப்பு. மேற்கே இருந்த தோல் ஷாப்புகள், அதாவது பதனிடும் பட்டறைகள், தோல் அலசிய உப்புத் தண்ணீரை ஓடையில் விட்டன. அது கிணற்றில் இறங்கியது. இலைகள் ஓரம் கருகின. மொட்டுகள் விரியாமலே உதிர்ந்தன. கழிவைத் தனி வாய்க்காலில் திருப்பிவிடக் கேட்டு அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தேன். நீர் கெட்டது என்று சென்னைப் பரிசோதனைச் சாலை சொன்னால் சர்க்கார் உத்தரவு போடும். காகிதத்தில் அழகான ஏற்பாடு. உறவினர் மனு என்பதால் கோப்பை நான் தொடக்கூடாது. பக்கத்து மேஜையில் அது கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தடையில்லை.

சுகாதார ஆய்வாளர் தோட்டத்துக்குப் போன அன்று நல்ல வெயில். துலக்கிய பித்தளைக் குடத்தில் தண்ணீர் தயாராக வைத்திருந்தாள் அக்கா. வெயிலில் நின்று இறைக்க வேண்டாம் என்று அவரைத் தடுத்துவிட்டாள். அவரும் குடத்திலிருந்தே புட்டியை நிரப்பிக்கொண்டார். சென்னையிலிருந்து ஆச்சரியமான வேகத்தில் முடிவு வந்தது: குடிக்க மிகவும் உகந்த நீர். புகாருக்கு ஆதாரமில்லை என்று கோப்பை முடித்துவிட்டார்கள்.

சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். விசாரித்தால், அது கோயில் கிணற்றுத் தண்ணீர். விடியுமுன் நடந்துபோய்த் தூக்கி வந்திருக்கிறாள்.

"நம்ம பேரு போட்டு மெட்ராசுக்குப் போற தண்ணி. அதுல இந்தக் கருமத்தையா ஊத்திவிடச் சொல்றே?"

"கெட்டுப்போனதக் காட்டத்தானேக்கா கேட்டாக."

"கெட்டுப்போனது நமக்குள்ள இருக்கட்டும். அடுத்தவுகளுக்கு நீட்டுறது நல்லதாத்தான் இருக்கணும்."

கலெக்டர் அலுவலகத்துக்கே ஆட்சேபணைக் குறிப்பு எழுதிய கை என்னுடையது. அன்று அது சைக்கிளைத் திருப்பத்தான் உதவியது.

முடித்த கோப்பை அதே மனுதாரருக்காகத் திறக்க வழியில்லை. பக்கத்துத் தோட்டக்காரர்களையும் சேர்த்துப் புது மனு போட்டோம். அதே ஆய்வாளர்தான் மறுபடி வந்தார். தோல் ஷாப்புத் தெருவிலேயே குடியிருந்தவர். அவருடைய அண்ணன்மாரும் அங்கேதான் வேலை பார்த்தார்கள். இந்த முறை அவரே இறைத்தார். அக்கா பார்க்க மாட்டாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். அவர் புட்டியை நிரப்புமுன் ஒரு கை அள்ளிக் குடித்தார். முகம் சுளிக்கவில்லை.

"எங்க வீட்டுக் கெணறும் இதே ருசிதான்க்கா. விருந்தாளி வந்தா எங்கம்மாவும் அடுத்த தெருவுக்குத்தான் கொடத்தத் தூக்கிட்டு ஓடுவாக."

அக்கா திரும்பினாள். அவர் அரக்கு உருக்கி ஊற்றும்வரை புட்டியை ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தடவை பரிசோதனைச் சாலை உள்ளதைச் சொன்னது: பயிருக்கும் ஆகாது, வாய்க்கும் ஆகாது. ஆனால் சொன்னதைக் கேட்க வேண்டியது யார் என்பதில் சிக்கல். சுகாதாரத் துறை பொதுப்பணிக்கு அனுப்பியது. ஓடை யாருடையது என்று பொதுப்பணி வருவாய்த் துறையைக் கேட்டது. வருவாய்த் துறை, இணைப்புகள் இல்லை என்று திருப்பி அனுப்பியது. இதற்குள் அக்கா மல்லிகையைப் பிடுங்கிவிட்டுத் தென்னை வைத்தாள். தென்னை கொஞ்சம் உப்புத் தாங்கும். ஒரே ஒரு வரிசை மல்லிகையை மட்டும் விடாமல், கோயில் கிணற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்றிக் காப்பாற்றினாள். நான் போகும்போதெல்லாம் மெட்ராசிலிருந்து ஏதாவது வந்ததா என்று கேட்பாள். சர்க்கார் விதிகளை அவளுக்கு விளக்குவதைக் காட்டிலும், வரும் என்று சொல்வது எளிது.

வந்தது. கழிவை ஓடையில் விடக்கூடாது, தனி வாய்க்கால் வெட்ட வேண்டும் என்ற உத்தரவின் நகலை, தபால்காரர் தோட்டத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அக்கா என்னை வரவழைத்து, முழுவதையும் படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"அப்ப மல்லிப் பதியனுக்குச் சொல்லிவைக்கவா?"

"சொல்லி வையிக்கா."

அன்றைக்கு அறுபத்து நான்காம் வருஷம், ஐப்பசி ஏழாம் தேதி.