கருப்பு டேப் ஒட்டிய கீபோர்டு

அந்தக் கீபோர்டின் நடுவில், எந்த ஒலி என்று காட்டும் டோன் நம்பர் தெரியும் சின்னக் கண்ணாடியின் மேல், இரண்டு விரல் அகலத்துக்குக் கருப்பு டேப் ஒட்டியிருக்கும். எலக்ட்ரீஷியன்கள் ஒயர் மேல் சுற்றும் அதே டேப்தான். ஓரமெல்லாம் தூசி ஏறி, ஒரு மூலை மட்டும் லேசாகக் கிளம்பி நிற்கும். அந்த மூலையை நகத்தால் நெம்பிப் பார்க்க வேண்டும் என்று ஐந்து வருடம் என் கை துடித்தது. உள்ளே இருக்கும் நம்பர் தெரிந்துவிட்டால் நானும் அவனைப் போல வாசித்துவிடுவேன் என்று நம்பினேன். முட்டாள்தனம்தான். ஆனால் வயிற்றெரிச்சல் பிடித்தவனிடம் போய் யாரும் புத்தியை எதிர்பார்க்கக் கூடாது.

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூர் தொம்மலூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் நாங்கள் இருவரும் கீபோர்டு வாசித்தோம். கல்யாண ரிசப்ஷன், அம்மன் கோயில் திருவிழா, சர்ச் விழா, நவம்பர் வந்தால் தெருவுக்குத் தெரு கன்னட ராஜ்யோத்சவம். தமிழ் பாதி, கன்னடம் பாதி, யாராவது கேட்டால் இந்தி. இந்த மாதிரிக் குழுக்களில் முதல் கீபோர்டு என்றால் அதற்குத் தனி மரியாதை. புல்லாங்குழல், வயலின் வரும் இடங்கள், ஜனங்கள் விசிலடிக்கும் இடங்கள் எல்லாம் அவனுக்கு. இரண்டாவது கீபோர்டுக்காரன் பின்னால் பாட்டுக்கு அடியில் கார்டு சுரங்களைப் பிடித்துக்கொண்டு நிற்பான், பந்தியில் தண்ணீர் ஊற்றுகிறவனைப் போல. அவன் ஃபர்ஸ்ட்டு, நான் செகண்டு. எங்களை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நாங்களும் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதில்லை.

நான் முறையாகக் கற்றவன். பகலில் பீன்யாவில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை, சாயங்காலம் ஒரு டீச்சரிடம் எட்டு வருடம் பியானோ. எந்த நோட்டேஷனை நீட்டினாலும் படித்து வாசிப்பேன். அவனுக்கு நோட்டேஷனில் தலை எது வால் எது என்றே தெரியாது. ஆனாலும் அவன் வலது கை விரலை வைத்ததும் முன் வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். மற்ற குழுக்களின் கீபோர்டுக்காரர்கள் மேடைக்குப் பின்னால் வந்து, கைகொடுக்கிற சாக்கில் எட்டிப் பார்ப்பார்கள். டேப்பைக் கண்டு உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போவார்கள். “அதுலதான் மச்சா என் உசுரு இருக்கு,” என்பான் அவன். அக்கா வீட்டு மாடியில் இருந்த என் அறையில், அவன் டோன் எது என்று கண்டுபிடிக்க என் கீபோர்டில் ஒவ்வொரு நம்பராகத் தட்டிப் பார்த்தேன். எதுவும் அதுவாக இல்லை.

டோனை மூடி வைத்தவன் மற்ற எதையும் மூடி வைக்கவில்லை. அவனுக்கு ஒரு நண்பன் இருந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, உயரமான ஆள். ஒத்திகை முடியும் நேரத்துக்கு டிபன் பாக்ஸில் சித்ரான்னம் கட்டிக்கொண்டு வருவான், கீபோர்டு பையைத் தானே தூக்கிக்கொள்வான். ஒருநாள் டிரம்ஸ்காரர் அதை வைத்து ஏதோ கிண்டலாகக் கேட்க, இவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னான்: “ஆமாப்பா, எனக்குப் பசங்களத்தான் புடிக்கும். உன்னை இல்ல, பயப்படாத. இப்ப தாளத்த ஒழுங்கா புடி.” எல்லோரும் சிரித்தார்கள், டிரம்ஸ்காரரும்தான். குழுவை நடத்தியவர், பாடகர், எல்லாம் ஒரே ஆள், அவரை ஓனர் என்போம். அவர் கையை வீசி, “கை நல்லா இருக்கு. மத்ததெல்லாம் நமக்கெதுக்கு குரு?” என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் வானம் இடிந்து விழும் என்று நான் நினைத்திருந்தேன். அவன் சொன்ன பிறகும் வானம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

ஏனென்றால் நானும் அவனைப் போலத்தான். இதைச் சொல்ல எத்தனை பத்தி எடுத்துக்கொண்டேன் பாருங்கள். அவனுடைய கையைப் பார்த்துப் பொறாமை, அந்த டிபன் பாக்ஸைப் பார்த்து அதைவிடப் பெரிய பொறாமை.

அவனிடம் பழைய கேசட்டுகள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய இருந்தன. வெளிநாட்டில் ஆண்கள் ஆண்களைக் காதலிப்பதை மறைக்காமல் பாடிய, முழுக்க சிந்தசைசரில் போட்ட நடனப் பாட்டுகள். “கேளு, பாடுறவன் அழுவுறான். ஆனா கால் நிக்க மாட்டேங்குது பாரு,” என்று ஹெட்போனை என் காதில் மாட்டுவான். நான் முகத்தைச் சுளித்து, இதில் என்ன சங்கீதம் இருக்கிறது என்பேன். வீட்டுக்குப் போய் அந்த அடிச்சுர பேஸை அப்படியே வாசித்துப் பார்ப்பேன்.

ஒருநாள் அந்த நர்ஸ் நண்பன் வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பார்க்கில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு போலீஸ்காரர் வந்து சட்டைக் காலரைப் பிடித்து, “இல்லி ஏன் மாட்தா இத்தீயா?” என்று கேட்டிருக்கிறார். இங்கே என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்ற கேள்விதான். பதிலுக்குக் காத்திருக்காமல் லத்தியால் தோளில் நாலு போட்டுவிட்டுத் துரத்திவிட்டார். அன்று அவன் ஒத்திகைக்கு டிபன் பாக்ஸ் இல்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்தான். அன்று கீபோர்டு பையை ஃபர்ஸ்ட்டே தூக்கிக்கொண்டான். இரண்டு வாரம் கழித்து அவனிடம் ஒரு பாட்டு இருந்தது. அந்தக் கேசட்டுகளில் இருந்ததைப் போலவே நெஞ்சில் இடிக்கும் தாளம், அடியில் உருளும் பேஸ். பல்லவி அந்தப் போலீஸ்காரருடைய கேள்விதான். இல்லி ஏன் மாட்தா இத்தீயா? அதற்குக் கூட்டம் சொல்ல வேண்டிய பதில்: “குணீதா இத்தீனி, சார்!” ஆடிக்கொண்டிருக்கிறேன், சார்.

அதை வாசிக்க, அவனைப் போன்றவர்கள் கூடும் ஓர் இடம் இருந்தது. தொம்மலூரில் ஒரு மாவு மில்லுக்கு மேலே ஒரு ஹால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மில் மூடியிருந்தாலும் மிளகாய்த் தூள் நெடி படியேறி வரும், ஆடுகிறவர்கள் தும்மிக்கொண்டே ஆடுவார்கள். நான் போனபோது வாசலில் நின்றிருந்த நர்ஸ், ஒவ்வொருவரையும் போலீஸ் மாதிரி முறைத்து அந்தக் கேள்வியைக் கேட்டான். கார்மென்ட் கம்பெனிப் பையன், ஆட்டோ டிரைவர், பட்டுப்புடவை கட்டிய இரண்டு திருநங்கைகள், பேங்கில் வேலை பார்ப்பவர் ஒருவர், எல்லோரும் கத்திப் பதில் சொல்லிவிட்டு உள்ளே போனார்கள். என் முறை வந்தது. “ஒண்ணுமில்ல, சும்மா பாக்க வந்தேன்,” என்றேன். அவன் போலீஸ் முகத்தை விட்டுவிட்டு, “சரி வா, உள்ள வந்து பாரு,” என்று வழி விட்டான்.

சுவரோடு சுவராக நின்று பார்த்தேன். தோள் வீக்கம் இன்னும் வற்றாத அந்த நர்ஸ்தான் பாடினான். சுருதி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். பார்க்கிலிருந்தும் பஸ் ஸ்டாண்டிலிருந்தும் எத்தனையோ முறை விரட்டப்பட்டவர்கள், தங்களை விரட்டிய கேள்வியையே கத்திக்கொண்டு, அது தீர்ந்துபோகிற வரை ஆடினார்கள். சிலர் அழுதார்கள். யாரும் நிறுத்தவில்லை. என்னால் தாங்க முடியவில்லை. எட்டு வருடம் பியானோ படித்தவன் நான், என் வாசிப்பைக் கேட்டு ஒருவர் தலையைக்கூட ஆட்டியதில்லை.

முடிந்ததும் ஃபர்ஸ்ட்டு வியர்வை சொட்ட என்னிடம் வந்தான். “அடுத்த ஞாயித்துக்கெழம உன் கீபோர்ட எடுத்துட்டு வாயேன். இங்க செகண்டெல்லாம் வேணாம். ரெண்டு ஃபர்ஸ்ட்டா வாசிப்போம்.”

“ஷிஃப்ட்டு இருக்கு,” என்றேன். ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஷிஃப்ட் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். சரி என்று தலையாட்டி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான். கூப்பிட்டபோது போகாமல் இருந்துவிட்டு, அங்கே அவன் நான் இல்லாமல் வாசிக்கிறானே என்று ஒவ்வொரு ஞாயிறும் புழுங்கினேன். தானும் தின்னாமல் மாட்டையும் தின்னவிடாத வைக்கோல்போர் நாய் என்பார்களே, அது நான்தான்.

பிறகு அத்திபெலேயில் ஒரு ரிசப்ஷன். ஓசூர் பக்கத்துப் பெண், பெரிய இடம். ஓனர் தொண்டையை நனைக்க இறங்கியபோது, இடைவெளியை நிரப்ப ஃபர்ஸ்ட்டு ஏதாவது டான்ஸ் பிட் வாசிப்பது வழக்கம். அன்று வார்த்தை இல்லாமல் அந்த மாவு மில் பாட்டை எடுத்துவிட்டான். மண்டபமே எழுந்தது. மாப்பிள்ளையின் பெரியப்பாக்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆடினார்கள். பெண்ணின் அம்மா ஆடினார். ஃபர்ஸ்ட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். இந்தக் கூத்தின் அர்த்தம் தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்று அந்தக் கண் சொன்னது. என் கண்ணில் பட்டது வேறு. இங்கேயும் ஜெயித்துவிட்டான்.

பெண்ணின் தாய்மாமா மூச்சு வாங்க மேடை ஓரத்துக்கு வந்தார். “சூப்பர் தம்பி! எந்தப் படம் இது?” என்று என்னிடம்தான் கேட்டார். ஏதோ கன்னடப் படம் என்று சொல்லியிருந்தால் போதும். நான் குனிந்து, அது என்ன பாட்டு, யார் எங்கே கூடி அதற்கு ஆடுகிறார்கள், வாசிப்பவன் யார் என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். சொல்லும்போது ‘அந்த மாதிரி ஆளுங்க’ என்றேன். என் வாயிலிருந்து அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வந்தது என்பது இன்றும் நினைவிருக்கிறது.

அவர் முகம் மாறியது. கல்யாண வீட்டில் இதையா வாசிப்பது என்று சத்தம். ஓனர் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார், பிறகு அவனிடம் வந்து, முகத்தைப் பார்க்காமல், “நீ எறங்கிடுப்பா. இனி வரவேணாம்,” என்றார். முதல் கீபோர்டு குழுவுடையது, அது மேடையிலேயே நின்றது. அவன் கேசட் பையை மட்டும் எடுத்துக்கொண்டான். யார் சொன்னது என்று அவன் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து ஒரு நொடி நின்றான். கோபமாக ஏதாவது சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திப் பிழைத்திருப்பேன். “டேப்ப பிச்சுப் பாத்துக்கோ செகண்டு. ரொம்ப நாளா ஆசப்பட்டியே,” என்றான். படி இறங்கிப் போய்விட்டான்.

மிச்சக் கச்சேரிக்கு நான் அவன் இடத்தில் நின்றேன். ஓனர் அடுத்த பாட்டை அறிவித்துக்கொண்டிருந்தபோது மூலையைப் பிடித்து இழுத்தேன். உள்ளே இருந்தது முதல் நம்பர். ஸ்விட்ச் போட்டதும் தானாக வந்து நிற்குமே, அது. கம்பெனி எல்லோருக்கும் கொடுத்து அனுப்பும் சாதா பியானோ. என் வீட்டுக் கீபோர்டிலும் அதே நம்பரில் அதே டோன் இருந்தது. இவ்வளவு சாதாரணமாக இருக்காது என்று நான்தான் அதை மட்டும் தட்டிப் பார்க்காமல் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். விரலை வைத்தேன். பெண்கள் பேச்சை நிறுத்தவில்லை.

பிறகு சில வருடம் நான்தான் ஃபர்ஸ்ட்டு. குழு கலைந்தபோது அந்தக் கீபோர்டை ஓனரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதற்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு நடுவே வானவில் கொடிகளோடு ஓர் ஊர்வலம் போனது. தற்செயலாக அந்தப் பக்கம் போனேன் என்று அக்காவிடம் சொன்னேன். உங்களிடம் அந்தப் பொய் வேண்டாம், காலையிலிருந்தே அங்கே நின்றிருந்தேன். லாரி மேல் அவன், புதுக் கீபோர்டு, தலை பாதி நரைத்திருந்தது. பக்கத்தில் மைக்கோடு அந்த நர்ஸ், சுருதி இன்னும் சேரவில்லை. மாவு மில் ஹாலில் அடங்கிய கூட்டம் இப்போது ரோடு கொள்ளாமல் வந்தது. ஓரத்தில் பந்தோபஸ்துக்கு நின்ற போலீஸ்காரர்களைப் பார்த்தே அந்தக் கேள்வியைப் பாடினார்கள். ஒரு இளம் போலீஸ்காரர் சிரித்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்தார்.

அவன் என்னைப் பார்த்தான். நர்ஸிடமிருந்து மைக்கை வாங்கினான். “செகண்டு! இல்லி ஏன் மாட்தா இத்தீயா?” லாரியைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி, பதிலுக்காக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்தக் குரலில் குத்தல் இல்லை. அன்று ஹாலில் கூப்பிட்ட அதே குரல். எனக்குப் பதில் மனப்பாடமாகத் தெரியும். வாய் திறக்கவில்லை. லாரி நகர்ந்து, வளைவில் திரும்பியது. மன்னிப்பாவது கேட்டிருக்கலாம் என்று அப்புறம் தோன்றியது. அப்போது தோன்றியது ஒன்றுதான்: அந்த லாரியில் இரண்டாவது கீபோர்டு வைக்க இடம் இருந்தது.

இப்போதும் அக்கா வீட்டு மாடியில்தான் இருக்கிறேன். பழைய டேப்பில் பசை போய்விட்டது, புதுசு வாங்கி அதே இடத்தில் ஒட்டியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கதவைச் சாத்தி, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, முதல் நம்பரில் அந்தப் பாட்டை வாசிப்பேன். அவன் வாசித்ததில் பாதிகூட வராது, அந்த எரிச்சலும் குறையவில்லை. பாட்டு எனக்கு மட்டும் கேட்கும். கீழே இருப்பவர்களுக்குக் கீபோர்டுக் கட்டைகள் அமுங்கும் சத்தம் மட்டும்தான். போன வாரம் அக்கா மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள்.

“டக்கு டக்குன்னு சத்தம் கேக்குதே, என்னடா பண்ற அங்க?”

ஹெட்போனைக் கழற்றினேன். “ஒண்ணுமில்லக்கா,” என்றேன். “சும்மா.”