லாயத்து அறையும் சுலோசனா அக்காவும்

அன்றைக்கு நல்ல மழை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகிற பேருந்தில் என் பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இளம் வக்கீல். தலை நனைந்திருந்தது, மடியில் சுருட்டி வைத்திருந்த கறுப்பு கவுனும் நனைந்திருந்தது. நனைந்த கறுப்புத் துணிக்கென்று ஒரு வாடை இருக்கிறது, மற்ற நிறங்களுக்கு அது வராது. இப்படி நான் சொன்னால் என் மகள், "ஆரம்பிச்சிட்டாங்கப்பா" என்பாள். நீங்கள் சிநேகிதர், பொறுத்துக்கொள்வீர்கள். பாச்சை உருண்டை, வியர்வை, தகரப் பெட்டியின் துரு, எங்கிருந்தோ கொஞ்சம் சாம்பிராணி. விக்கிரவாண்டி வருவதற்குள் நான் அந்தப் பேருந்தில் இல்லை. எண்பதுகளின் நடுவில், திண்டிவனத்தில், ஈர கவுன்கள் வரிசையாகத் தொங்கும் ஒரு பழைய கூடத்தின் ஐப்பசி மாதத்தில் இருந்தேன்.

அந்த வக்கீல் சங்கத்துக்கு நீளமாக ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அது இப்போது வேண்டாம். ஊருக்கு அது 'வக்கீல் கூடம்'. கோர்ட்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு புளியமரம், அவ்வளவுதான் தூரம். வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். தேக்கு உத்தரம், சுண்ணாம்புச் சுவர், நடந்தால் உள்ளங்கால் குளிரும் சிவப்புத் தரை. கையால் இழுக்கும் பங்கா தொங்கிய கொக்கிகள் உத்தரத்தில் அப்படியே இருந்தன. அவற்றில் ஒன்றில் மின்விசிறியை மாட்டியிருந்தார்கள், அது காற்றைவிடச் சத்தத்தைத் தாராளமாகக் கொடுத்தது. சுவரில் பழைய தலைவர்களின் படங்கள். பாதிப் பேருக்குத் தலைப்பாகை, மீதிப் பேருக்கு வழுக்கை. தலைப்பாகைக்காரர்களுக்கு உள்ளேயும் வழுக்கைதான் என்று யாராவது ஒருவர் தினமும் சொல்வார், யாராவது ஒருவர் தினமும் சிரிப்பார்.

இடம் வந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஒலக்கூர் பக்கத்து நிலக்காரர் ஒருவர் ஏரித் தண்ணீர் வழக்கில் ஜெயித்த சந்தோஷத்தில், "இங்க ஒரு கட்டடம் கட்டிக்கினு சௌக்கியமா உக்காருங்க" என்று வாயால் கொடுத்தாராம். ஊரில் எவன் காணி நிலம் வாங்கினாலும் "பத்திரம் எங்க, பதிவு பண்ணியா" என்று மடக்குகிற நம் ஆட்கள், தங்களுக்குக் கிடைத்த இடத்துக்கு ஒரு துண்டுக் காகிதம் எழுதி வாங்கவில்லை. பெரிய மனிதரிடம் போய்க் காகிதம் கேட்பதாவது என்று கூச்சப்பட்டிருப்பார்கள். கட்சிக்காரனிடம் வராத கூச்சம்!

கூடத்தின் பின்னால் ஒட்டினாற்போல் ஓர் அறை. அந்தக் கால வக்கீல்கள் வண்டியில் வருவார்கள் அல்லவா, அந்தக் குதிரைகளைக் கட்டிய லாயம். குதிரைகள் போய், உடைந்த பெஞ்சுகள் வந்து, யாருடைய ஆடோ குட்டி போட்டு, எல்லாம் ஆன பிறகு அங்கே சுலோசனா அக்கா வந்தார்.

எனக்கு முன்னால் அந்தச் சங்கத்தில் இருந்த ஒரே பெண் வக்கீல் அவர். முதல் சில வருஷங்கள் கோர்ட்டு வராந்தாவில் ஒரு ஸ்டூல்தான் அவருடைய ஆபீஸ். காலையிலிருந்து சாயந்திரம் வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். ஏன் என்று பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆண்களுக்குச் சொன்னாலும் அப்போது விளங்கியிருக்காது. விடாமல் கேட்டுக் கேட்டு அந்த லாயத்தை வாங்கினார். சுண்ணாம்பு அடித்து, ஒரு ஜன்னல் உடைத்து, பின்னால் தென்னங்கீற்று மறைப்பாக இருந்ததைக் கல் சுவராக்கி, பெண்கள் அறை என்று பெயர் வைத்தார். கூடத்தில் அதற்கு லாயம் என்றேதான் பெயர். "குதிரைங்க இருந்தப்ப இவ்ளோ சத்தம் இல்லப்பா" என்பார் செக்ரட்டரி ஏகாம்பரம் சார், நாங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டு. "குதிரைங்க உங்க ஜோக்கைக் கேட்டதில்ல சார்" என்று அக்கா உள்ளேயிருந்தே குரல் கொடுப்பார்.

அறை கிடைத்ததால்தான் அவருடைய தொழிலே நிலைத்தது என்று நான் சொன்னால் அது மிகை இல்லை. அவருடைய மாமனார் பெருமுக்கல்காரர். கல்யாணமான புதிதில், ஆம்பளைகள் நடுவில் மருமகள் உட்காருவதை அவருக்கு யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். அறை தயாரான அன்று மனிதர் நேரில் பார்க்க வந்துவிட்டார். அப்போது நான் சேர்ந்து இரண்டு மாதம். குடையால் சுவரைத் தட்டினார். சுவரில் குதிரை கட்டும் இரும்பு வளையத்தில் அக்காவின் கவுன் தொங்கியது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது இன்னா, குதிரை கட்ற எடமா?"

"இப்ப குதிரை இல்லீங்க மாமா."

"அதான் நீ இருக்கறியே." சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். பிறகு கதவைத் திறந்து மூடிப் பார்த்தார். "தனி ரூமு, தனி கதவு. சரி. இது இருக்கற வரைக்கும் போய்க்கினு வா. இது இல்லன்னா வூட்ல இரு. வராந்தால குந்திக்கினு வக்கீல் வேலை நம்ம குடும்பத்துக்கு வேணாம்."

அக்கா "சரிங்க மாமா" என்றார். வேறென்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து அந்த நாலு சுவர்தான் அவருடைய சன்னது, தொழில் நடத்த அனுமதிப் பத்திரம்.

நான் தினமும் விழுப்புரத்திலிருந்து பாசஞ்சரில் வருவேன். கவிதை எழுதுகிற வக்கீல் என்று பெயர் வாங்கியிருந்ததால் கட்சிக்காரர்கள் என்னைத் தவிர்த்துச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். மழைக்காலத்தில் லாயத்துத் தரையிலிருந்து குதிரை வாடை எழும் என்று அக்கா சத்தியம் செய்வார். எனக்கு வேகவைத்த மல்லாட்டை வாடைதான் தெரியும். ஒலக்கூர் பக்கமிருந்து அஞ்சலை என்று ஓர் அம்மா, அண்ணன்மார்மேல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டவர், வாய்தாவுக்கு வாய்தா மடி நிறைய அந்த வேர்க்கடலையைக் கொண்டுவந்து கொட்டுவார். தோல் உரித்தபடி அக்கா மறுநாள் குறுக்கு விசாரணைக்கு என்னோடு ஒத்திகை பார்ப்பார். நான்தான் சாட்சி. நான் பொய் சொல்வதில் கெட்டிக்காரி என்று எனக்கு ஒரு நினைப்பு. மூன்றாவது கேள்வியில் அழுகிற நிலைக்கு வந்துவிடுவேன். அவர் குரலை உயர்த்தவே மாட்டார். "சத்தம் போட்டா சாட்சி உஷாராயிடுவான்டி. மெதுவா கேட்டா, காதைக் குடுக்க முன்னால சாய்வான். சாஞ்சான்னா உழுந்தான்" என்பார்.

அப்போதுதான் சங்கத்தின்மேலேயே ஒரு தாவா, வழக்கு, வந்தது. இடத்தை வாயால் கொடுத்தவரின் பேரன், கண்டமங்கலம் பக்கம் குடியேறியிருந்தவர், இடம் எனக்குச் சொந்த உபயோகத்துக்கு வேண்டும், காலி செய்யுங்கள் என்று போட்டுவிட்டார். சங்கத்துக்கு எதிராகச் சங்கத்தில் எவரும் ஆஜராவதில்லை என்பது வழக்கம். அதனால் அவர் விழுப்புரத்தில் ஒரு வக்கீலைப் பிடித்தார். கூடத்தில் யாரும் அசரவில்லை. இடம் இரண்டு தலைமுறையாக நம் அனுபவத்தில், நம் கையில் இருக்கிறது. போய் நின்று வாயைத் திறந்தாலே நம் பக்கம் என்றார்கள். சொந்த வீட்டு வழக்காயிற்றே, எனவே வக்காலத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அக்கா போட்டார். நானும் அழகாகப் போட்டேன்.

அங்கேதான் கோளாறு. எல்லோரும் வக்கீல் என்றால் யார் எழுந்து நின்று வாதாடுவது? சீனியாரிட்டிப்படி தலைவரா, சிவிலில் கெட்டிக்காரர் என்று பெயர் வாங்கிய ஏகாம்பரம் சாரா? இது எளிய விஷயம் என்று நினைக்காதீர்கள். சங்கத்தின் வழக்கை நடத்தினவர் படம் சுவரில் ஏறும்.

வழக்கு அழைக்கிற நாளன்று காலையில் கூடத்தில் இதே விவாதம். அக்காவுக்கு முன்சீப் கோர்ட்டில் குறுக்கு விசாரணை, அஞ்சலை அம்மாவின் அண்ணன் கூண்டில் நின்றார். நான் பக்கத்தில் வழக்குக் காகிதக் கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சப் கோர்ட்டு டவாலி வராந்தாவுக்கு வந்து சங்கத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். புளியமரத்துக்கு இந்தப் பக்கம் கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. "வர்றோம்பா" என்று நாலைந்து பேர் கை காட்டினார்கள். ஒருவரும் எழவில்லை, விவாதத்தை விட்டு முதலில் எழுந்தால் நாற்காலியோடு வாதாடும் உரிமையும் போய்விடுமாம். ஜட்ஜ் மாற்றலில் புதிதாக வந்தவர். ஒரு முறை தள்ளி வைத்தார். சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி கூப்பிட்டார்கள். விவாதம் அப்போது மும்முரம்; அக்காவின் குறுக்கு விசாரணையும் முடிந்திருக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் மட்டும் எழுந்து நின்றார். எக்ஸ்பார்ட்டி, ஒருதலைத் தீர்ப்பு. இடத்தைக் காலி செய்ய உத்தரவு.

பிறகு அந்த விழுப்புரத்து வக்கீல் பையன் கூடத்துக்கு வந்து, "எனக்கே சங்கடமா இருந்திச்சி சார், நானும் திரும்பித் திரும்பிப் பாத்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒருவர் அவனுக்கு டீ சொன்னார்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. முப்பது நாளுக்குள் மனு போட வேண்டும். கூடவே, அன்றைக்கு ஏன் வரவில்லை என்று ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த ஊர்க் குடியானவனுக்கும் அதை அரைமணி நேரத்தில் எழுதித் தருகிறவர்கள்தான் எல்லோரும். வயிற்றுப்போக்கு, பஸ் பிரேக்டவுன், ஒன்றுவிட்ட சித்தப்பா சாவு என்று தயாராக வைத்திருப்பார்கள். இதற்கு எதை எழுதுவது? கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருந்தோம் என்றா? யார் பெயரில் எழுதுவது? தலைவர் மறந்தார் என்று எழுதத் தலைவர் சம்மதிக்கவில்லை. செக்ரட்டரி கவனிக்கவில்லை என்றால் செக்ரட்டரி ராஜினாமா என்றார். தினமும் கூட்டம் கூடியது. தினமும் ஒருவர் எழுதிக் கொண்டுவந்ததை இன்னொருவர் அடித்துத் திருத்தினார்.

மூன்றாவது வாரமோ என்னவோ, அக்கா எழுந்தார். கூட்டத்தில் அவர் பேசுவது அபூர்வம்.

"என் பேர்ல போடுங்க சார். அன்னிக்கு ஆஜராவற பொறுப்பு எனக்கு, நான் முன்சீப் கோர்ட்ல மாட்டிக்கினேன், வர முடியலன்னு எழுதுங்க. அங்க இருந்தது நெசம்தானே. டைரியில இருக்கு."

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வேணாம்மா. இருக்கறதே ரெண்டு பொம்பளைங்க. அதுல ஒருத்தர் தலையில பழியப் போட்டு எடத்தைக் காப்பாத்திக்கினானுங்கன்னு விழுப்புரத்துல சிரிப்பானுங்க."

"சிரிச்சா சிரிச்சிக்கினு போறாங்க சார். எடம் இருக்கும் இல்ல?"

"மானம்னு ஒண்ணு இருக்குதில்லம்மா" என்றார் ஏகாம்பரம் சார்.

"உங்க மானம் டீக்கடையில கூட உக்காரும் சார். எனக்கு இந்த ரூம் வேணும். இது இல்லன்னா எனக்கு வேலையே இல்ல."

அப்படி எல்லோர் முன்னாலும் அவர் கெஞ்சி நான் அதற்கு முன் கேட்டதில்லை. எல்லோருக்கும் மனசு இளகிவிட்டது. கைதட்டினார்கள். அவருடைய பெருந்தன்மையைப் பாராட்டி ஒரு தீர்மானம்கூட நிறைவேற்றினார்கள். கையெழுத்தை மட்டும் வாங்கவில்லை.

முப்பது நாள் போயிற்று. அதற்கு மேல் போடுவதானால், தாமதம் ஏன் என்று இன்னொருவரும் சத்தியம் செய்ய வேண்டும். ஒரு குற்றவாளியையே கண்டுபிடிக்க முடியாதவர்களுக்கு இப்போது இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.

கோர்ட்டு உத்தரவை நிறைவேற்றுகிற அமீனா காதர் பாய் வந்தபோது வெளியில்தான் நின்றார். அந்தக் கூடத்தில் தினம் டீ குடித்தவர். அன்று உள்ளே வரக் கூச்சப்பட்டார்.

"ஒரு வாய்தா குடுங்க பாய்" என்றார் யாரோ, பாதி விளையாட்டாக.

"வாய்தா குடுக்க நான் இன்னா ஜட்ஜா? அன்னிக்கு எழுந்திருச்சி வந்து கேட்டிருந்தா அவரே குடுத்திருப்பாரே. என்னைப் பேஜாருல மாட்டாதீங்க சார், சாமானை ஜல்தியா எடுத்துக்குங்க."

ஆண்கள் பிரிந்து போனது ஒரு நாள் வேலை. டீக்கடை பெஞ்சு, தையல்கடை மாடி, புளியமரத்தடி. எங்கே உட்கார்ந்தாலும் வக்கீல்தான். அக்கா ஒரு வாரம் பழைய வராந்தா ஸ்டூலில் வந்து உட்கார்ந்தார். எட்டாவது நாள் வரவில்லை. மாமனார் சொன்ன சொல் மாறாதவர். அதற்கு மறுவாரம் வீட்டு ஆள் ஒருவரிடம் அஞ்சலை அம்மாவின் வழக்குக் கட்டை எனக்குக் கொடுத்தனுப்பினார், கூட ஒரு பை மல்லாட்டையும். என் அப்பா நிபந்தனை எதுவும் போடாதவர். அந்த வழக்குக்கு மட்டும் திண்டிவனம் வந்துபோவதாக வைத்துக்கொண்டு, நான் விழுப்புரம் கோர்ட்டுக்கே மாறிக்கொண்டேன். அப்பா விஷயத்தில் எனக்கு வாய்த்த அதிர்ஷ்டம் அக்காவுக்கு மாமனார் விஷயத்தில் வாய்க்கவில்லை, வேறு வித்தியாசம் கிடையாது. சொல்லப்போனால் அவர் என்னைவிட நூறு மடங்கு வக்கீல்.

கூடத்தை இடித்து நாளாயிற்று. இப்போது அங்கே மூன்று மாடி ஜவுளிக்கடை. புதிய சங்கம், புதிய கட்டடம், பெண்களுக்குப் பெரிய அறை, குழாயில் தண்ணீர், எல்லாம் வந்துவிட்டன. அங்கே மதியம் கூடும் பெண்களின் பேச்சை வெளியில் நின்று கேட்டால் தெருவே அதிர்கிறது. சந்தோஷம்தான்.

சில வருஷங்களுக்கு முன் திண்டிவனத்தில் ஒரு கல்யாணத்தில் அக்காவைப் பார்த்தேன். முழுக்க நரை. என் கையைப் பிடித்துக்கொண்டார், முதல் கேள்வியே, "அஞ்சலை கேசு என்னாச்சி?"

"ஜெயிச்சாச்சுக்கா. அப்பீல் வரைக்கும் போனாங்க. நிக்கல."

"பெரிய அண்ணன் ரெண்டாந்தரம் கூண்டு ஏறினானா? கெணறைப் பத்திக் கேட்டியா?"

நான் கேட்டிருக்கவில்லை. கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அதைச் சொன்னதும் அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு மேடையில் யாரோ போட்டோவுக்கு நிற்பதைப் பார்த்துக்கொண்டே, கோபம் எதுவும் இல்லாமல், காய்கறி விலை சொல்வதுபோலச் சொன்னார்:

"ஒரு வரிடி. நான் வரலைன்னு ஒரு வரி எழுத உட்டிருந்தா, இத்தினி வருஷமும் நான் வந்திருப்பேன்."

பந்திக்குக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போனார், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கூண்டை நோக்கிப் போகிற அதே வேகத்தில். இத்தனை வருஷமும் வந்திருந்தால் எத்தனை சாட்சிகளிடம் எத்தனை கேள்விகளை அவர் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கூடத்தை இடித்த இடத்தில் கொஞ்ச காலம் செங்கல்லாவது கிடந்தது.