கோட்டைக்குள் ஒரு சூதாட்ட மண்டபம்

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. செஞ்சிக் கோட்டைக்குள் ஒரு சினிமாக் கம்பெனி வந்து இறங்கியிருந்த கோடைக்காலம்.

கடைத்தெருவில் எங்களுக்கு ஒரு பாத்திரக் கடை இருந்தது. என் கணவர் அதைப் பார்த்துக்கொண்டார் என்று சொல்லத்தான் ஆசை. காலையில் கடையைத் திறப்பார். வெயில் ஏறியதும் சிப்பந்தியிடம் விட்டுவிட்டு, அரிசி மில்லுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார். அங்கே சீட்டாட்டம். ஆள் கெட்டவர் இல்லை. குடிக்க மாட்டார், கை நீட்ட மாட்டார், என்னை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. ஆனால் சீட்டைக் கையில் எடுத்துவிட்டால் உலகத்தில் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

கல்யாணமான புதிதிலிருந்தே அவரைத் தேடிக்கொண்டு அந்தக் கொட்டகை வரைக்கும் போவேன். பெண்கள் உள்ளே போகிற இடமில்லை அது. வாசலில் நிற்பேன். அவருடைய முதுகு தெரியும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன். என் கழுத்துச் சங்கிலி அந்தக் கொட்டகையில் போனது. அதற்கு அழுதேன். அடுத்து கம்மல் போனபோது அழவில்லை. அலுத்துப் போயிருந்தது.

சினிமாக் கம்பெனி வந்த அந்த வாரம் நான் ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். அனந்தபுரத்தில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்விடுவது. சண்டை வேண்டாம், பஞ்சாயத்து வேண்டாம். பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கூட வைத்துவிட்டேன். மறுநாள் காலை பஸ்.

அவர்கள் எடுத்தது காதல் படம்தான். கதாநாயகன் பெரிய சூதாடி. சூதாட்ட மண்டபத்தில் ஆடுகிற பெண் ஒருத்தி அவன்மேல் உயிரையே வைத்திருக்கிறாள். கோட்டைக்குள் ஒரு கல் மண்டபத்தில் சிவப்புப் படுதாக்களைத் தொங்கவிட்டு, வட்ட மேஜைகள் போட்டு, எண்கள் எழுதிய பெரிய சக்கரம் ஒன்றை நடுவில் வைத்து, சீமையில் இருக்கும் சூதாட்ட விடுதி மாதிரி ஆக்கியிருந்தார்கள். பின்னால் உட்கார்ந்து ஆடுவதற்கு, சீட்டைச் சரியாகப் பிடிக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்கள் வேண்டுமென்று கம்பெனி ஆள் கடைத்தெருவில் விசாரித்திருக்கிறார். ஊரே என் கணவரைக் கை காட்டியது. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊரை விட்டுப் போகும்போது கடமையில் குறை வைக்கக் கூடாது என்று ஒரு வீம்பு. அவருக்கு வெளிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. மோர்ச்சாதத்தைத் தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு, கூஜாவில் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கோட்டைக்கு நடந்தேன். பாறையெல்லாம் அனல் வீசியது.

படப்பிடிப்பு என்றால் ஆட்டமும் பாட்டமுமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அங்கே எல்லோரும் சோர்ந்து கிடந்தார்கள். ஒரே காட்சியைக் காலையிலிருந்து திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தார்கள். கதாநாயகி வாசல் வழியாக வந்து, சூதாடிக்கொண்டிருக்கும் கதாநாயகனிடம் கண்ணீர் விட்டு நீளமாக வசனம் பேச வேண்டும். நடிகை பேசினார், அழுதார். டைரக்டருக்குத் திருப்தி வரவில்லை. பின்னால் ஒரு மேஜையில், வேர்த்து வழிய, இரவல் கோட்டுக்குள் என் கணவர். அவர் முகம் வாசலைப் பார்த்தபடி இருந்தது. காமிராவுக்காக அப்படி உட்கார வைத்திருந்தார்கள்.

நடுவில் கொஞ்சம் ஓய்வு விட்டார்கள். நான் நிழலில் உட்கார்ந்திருந்த படிக்கட்டுக்கே அந்த நடிகை வந்து உட்கார்ந்தார். செருப்பைக் கழற்றிப் பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டார். கால் வீங்கியிருந்தது. மாவு பூசிய முகத்துக்குள்ளே என்னைவிடக் களைத்த முகம் ஒன்று இருந்தது. கூஜாவை நீட்டினேன். மறுக்காமல் வாங்கிக் குடித்தார்.

"யாரைப் பார்க்க வந்தீங்க?"

"அதோ, கோட்டு போட்டுனு ஓரத்துல குந்தியிருக்காரே, அவரு எங்க வீட்டுக்காரர்."

"ரொம்ப நல்லா சீட்டு பிடிக்கிறாரே!"

"அவருக்கு அது ஒண்ணுதாங்க தெரியும்" என்றேன்.

சொன்ன விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "நீங்க போய்க் கூப்பிடுவீங்களா? என்னன்னு சொல்லிக் கூப்பிடுவீங்க?" என்று கேட்டார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கூப்பிட மாட்டேங்க. வாசல்ல நிப்பேன். அப்புறம் திரும்பி வந்துடுவேன்." புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னேன்.

என் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டு எழுந்து போனார். டைரக்டரிடம் ஏதோ மெதுவாகச் சொன்னார். அவரும் அலுத்திருந்தார் போல, சரி என்று தலையாட்டினார்.

மறுபடி விளக்குகள் எரிந்தன. இந்தத் தடவை நடிகை ஓடி வரவில்லை. வந்து வாசலில் நின்றார். என்னைப் போலவே புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டார். கண்ணீர் இல்லை, வசனம் இல்லை. உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு திரும்பி நடந்தார்.

நான் நடந்து போவதை நானே பின்னாலிருந்து பார்ப்பது போல இருந்தது.

அப்போது நாற்காலி ஒன்று கல் தரையில் தடாலென்று விழுந்தது. என் கணவர் எழுந்து நின்றார். கையிலிருந்த சீட்டுகள் கீழே சிதறின. "இரு, இரு, தோ வந்துட்டேன்!" என்று வாசலைப் பார்த்து ஓடி வந்தவர், பாதி வழியில் விழித்துக்கொண்டவர்போல நின்றுவிட்டார்.

மண்டபமே சிரித்தது. டைரக்டர் கத்தினார். கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டு அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். நடிகை மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைத்தான் பார்த்தார்.

கொண்டு போன சோற்றை இருவருமே தொடவில்லை. ஊரை நோக்கி நடந்தோம். வெகுதூரம் வந்த பிறகு அவர் கேட்டார்.

"நீ அப்படி வந்து நின்னுருக்கியா?"

"வந்துருக்கேன்."

"எத்தினி தபா?"

"எண்ணி வைக்கல."

"நான் வாசலுக்கு முதுவு காட்டினு ஒக்காந்திருப்பேன். எனக்கு இன்னா தெரியும்? ஒரு குரல் குடுத்துருக்கலாம்ல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதுவும் என் குற்றமா? "குடுத்திருந்தா எழுந்து வந்துருப்பீங்களா?" என்றேன்.

கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "தெரியல" என்றார்.

வந்திருப்பேன் என்று சத்தியம் செய்திருந்தால் நான் மறுநாள் பஸ் ஏறியிருப்பேன். எத்தனையோ சத்தியங்களைக் கேட்டவள் நான். தெரியல என்று சொன்னாரே, அந்த ஒரு வார்த்தைக்காகப் பெட்டியைப் பிரித்துப் புடவைகளை மறுபடி கொடியில் போட்டேன்.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று எழுதினால் கதை அழகாக இருக்கும். ஆனால் நடந்தது அப்படியில்லை. ஆடி மாதம் வியாபாரம் மந்தமானதும் மறுபடி கொட்டகைக்குப் போனார். நானும் போனேன். வாசலில் நின்றேன். அதே முதுகு. திரும்பி நடக்கக் கால் எழுந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "இந்தாங்க, எழுந்து வாங்க, வூட்டுக்குப் போலாம்" என்று உரக்கக் கூப்பிட்டேன். எல்லாத் தலைகளும் திரும்பின. அவர் என்னைப் பார்த்தார், சீட்டைக் கவிழ்த்து வைத்தார், எழுந்து வந்தார்.

பிறகும் பல தடவை போனார், பல தடவை கூப்பிட்டேன். சில நாள் உடனே வருவார். சில நாள் இதோ இதோ என்று இழுப்பார், வருகிறவரை நான் நகரமாட்டேன். வருஷங்கள் போகப் போகக் கொட்டகைக்குப் போவது குறைந்து, ஒரு கட்டத்தில் நின்றது. அதற்குள் எங்கள் இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

அந்தப் படம் எங்கள் ஊர் சினிமாக் கொட்டகைக்கு வந்தபோது இருவரும் போய்ப் பார்த்தோம். அதில் நடிகை அழுது வசனம் பேசுகிற காட்சிதான் இருந்தது.

என் கணவர் போய்ச் சேர்ந்து இப்போது சில காலம் ஆகிறது. அந்த வாழ்க்கை எனக்கு நிறைவாக இருந்தது என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. நிறைய நடந்தேன், நிறைய நின்றேன், ரொம்பக் களைத்துப் போனேன். ஆனாலும், கூப்பிட எனக்கு ஒரு குரல் இருக்கிறது என்பதை முன்பின் தெரியாத ஒரு பெண் அன்றைக்கு ஒரு கேள்வியால் எனக்குக் காட்டினார், அதற்குப் பிறகு எந்த வாசலிலிருந்தும் நான் பேசாமல் திரும்பியதில்லை.