கும்பிடும் ஸ்டியரிங்

என் மச்சான் வாங்கிய பழைய காரில் ஸ்டியரிங் தண்டு ஆடும். உயரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்குகிற தண்டுதான். ஆனால் எங்கே வைத்தாலும் நிற்காது. ஒருநாள் இருவரும் மாமல்லபுரம் போகும்போது, ஒரு வேகத்தடையில் அது அவன் மடியிலேயே வந்து படுத்துக்கொண்டது.

"எவனோ கண்ணு வச்சிக்கீறான் மச்சான்" என்றான். அந்த வண்டியைப் பார்த்துப் பொறாமைப்பட ஒருவன் இருந்தால், முதலில் அவனுக்குத்தான் சுற்றிப்போட வேண்டும்.

மறுநாள் சிங்கப்பெருமாள் கோயிலில் வண்டிக்குப் பூஜை. நாலு சக்கரத்திலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. ஸ்டியரிங்குக்கு மாலை போட்டார்கள். மாலையின் கனத்தில் அது இன்னும் குனிந்தது.

"பாரு, சாமி கும்புடுது" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினேன். தண்டைப் பிடித்திருந்த போல்ட்டுகள் விரலாலேயே சுற்றின. ஸ்பானர் போட்டு இறுக்கினேன். ஆட்டம் நின்றது.

மச்சான் வந்து ஸ்டியரிங்கை உலுக்கிப் பார்த்தான். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"சொன்னேன்ல, ஒரே பூஜை! அங்க இன்னா பண்ணினுகீற? கையெல்லாம் கிரீஸு. போய்க் கழுவினு வா, பிரசாதம் கீது."