வெயில் தாண்டாதவள்

மூடி இறுகாத வாளியை மடியில் அணைத்துக்கொண்டு கசெமீரே அக்கா என் வாடகை பைக்கின் பின்சீட்டில் ஒருக்களித்து ஏறும்போதே, சந்தை வாசலில் நிற்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். வாளிக்குள் வெயிலில் ஊறி அழுகிய வாழைப்பழக் கூழ். அதன் மேல் தாராளமாக ஊற்றிய வாழைப்பழச் சாராயம். ஒவ்வொரு பள்ளத்திலும் அது 'களக்' என்று பொங்கி என் முதுகை நனைக்கும். எந்தச் சோப்புக்கும் அந்த நாற்றம் அடங்குவதில்லை. இதனால் வேறு சவாரி எனக்குக் கிடைப்பதில்லை என்று புலம்பினால், "ஈயும் எறும்பும் உன் பின்னாடியே வருதுல்ல, அதுங்கள ஏத்திக்கோ" என்பாள். மனசாட்சி இல்லாத பொம்பளை!

வண்ணத்துப்பூச்சி பிடிப்பது அவள் உத்தியோகம். ஆராய்ச்சி நிலையம் கொடுத்த வலைக்கூண்டுகளை மரக்கிளைகளில் தொங்கவிட்டு, அடித்தட்டில் கூழை வைப்பாள். வாசனைக்கு மயங்கி வந்து மாட்டிக்கொண்டதை இரண்டு விரலால் நோகாமல் எடுத்து, இறக்கையில் பேனாவால் ஒரு புள்ளி குத்திவிட்டுப் பறக்கவிடுவாள். எந்தக் காட்டில் எது இருக்கிறது, எது போய்விட்டது என்று நிலையத்துக்குத் தெரிய வேண்டுமாம். ஒருமுறை அவள் புருஷன் அந்தக் கூழில் ஒரு குவளை மொண்டு குடித்துவிட்டார். "பூச்சி சாப்பாட்டக் குடிச்சிருக்கியே, பறந்து காட்டு பாக்கலாம்" என்று அவரை முற்றத்தில் நிற்க வைத்துக் கேட்டாள். தெருவே கேட்டுச் சிரித்தது.

எங்கள் ந்யோரோ ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. செல்லப்பெயர் சொல்லாமல் யாருக்கும் வணக்கம் வைக்க மாட்டோம். ஊருக்கே சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான், அதையே எல்லாரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். அவள் அப்வோலி, நான் அபூலி, அவள் புருஷன் அராலி. அக்கா இந்த மரியாதையைப் பூச்சிகளுக்கும் கொடுத்துவிட்டாள். "வாம்மா அத்வோக்கி, மழையில நனைஞ்சியா?" என்று கூண்டுக்குள் தலையை விட்டு விசாரிப்பாள். ஆனால் எல்லோருக்கும் அந்தப் பாக்கியம் கிடையாது. காட்டு நிழலை விட்டு வெளியே வராத பச்சைநீல இறக்கைக்காரிகளுக்கு மட்டும்தான் பெயர். ரோட்டோரம், கொல்லை, கக்கூஸ் சுவர் என்று கண்ட இடத்தில் திரியும் பழுப்புப் பூச்சிகளைக் கண்டால் உதட்டைச் சுழிப்பாள். "இதுங்க என்ன குலமோ, யாரு கண்டா!" பெண் பார்க்க வந்த மாமியார்கூட அத்தனை இளப்பமாகப் பார்க்க மாட்டாள்.

அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு குன்று, அதன் மேல் சின்னதாக ஒரு காடு. பெரிய காடு தூரத்தில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பிடித்த கயிறு மாதிரி ஓடைக்கரை நெடுக மரங்கள் அடர்ந்து நின்றன. அது அராலி அண்ணனின் பங்கு நிலம். மரத்தை வெட்டிக் கரும்பு போடச் சொல்லி ஆலைக்காரர்கள் வந்து பேசியதும் அவர் தலையாட்டிவிட்டார்.

"மரத்த எடுத்துட்டா என் பொண்ணுங்க குன்றுலயே மாட்டிக்குவாளுங்க. வெயில்ல காலடி வைக்க மாட்டாளுங்க" என்று அக்கா மன்றாடினாள்.

"பேரப்புள்ள பள்ளிக்கூடத்துக்கு உன் பொண்ணுங்களா ஃபீஸ் கட்டுவாளுங்க?" என்றார் அவர். அக்கா வாளியை எடுத்துக்கொண்டு குன்றுக்குப் போனாள். அண்ணனைத் தப்புச் சொல்ல முடியாது, எனக்கும் இரண்டு பிள்ளைகள்.

மரங்கள் விழுந்தன, கரும்பு எழுந்தது. அதன்பிறகு நடந்ததுதான் வேடிக்கை. குன்றின் ஓரத்துக் கூண்டுகளில் பூச்சிகள் முன்னைவிட அதிகமாக வந்து மொய்த்தன. அராலி அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பைக் நிறுத்தத்துக்கே வந்து, "பாத்தீங்களாப்பா! மரத்த வெட்டினதும் பூச்சி பெருகிருச்சு. இவ என்னமோ அழுதா!" என்று முழங்கினார். நாங்கள் கைதட்டினோம்.

சவாரிக்கு வந்து நின்ற அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "சாவு வீட்லகூடத்தான் கூட்டம் அதிகமா இருக்கு. அதுக்காக அந்தக் குடும்பம் பெருகிருச்சுன்னு சொல்வியாய்யா?"

கூண்டுகளை நானும் போய்ப் பார்த்தேன். அத்தனையும் பழுப்பு, ரோட்டோரத்துக் கும்பல். பச்சைநீலம் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். இறக்கையில் புள்ளி வைத்த ஒரு அத்வோக்கி. நிழல் முடிகிற கோடு வரைக்கும் தாழப் பறந்து வருவாள், கரும்பின் மேல் காயும் வெயிலைக் கண்டதும் சுவரில் முட்டிக்கொண்டவளைப் போலத் திரும்பிவிடுவாள். பார்க்கப் பாவமாக இருந்தது.

"றெக்க இருக்குல்லக்கா, ஒரே தம்ல பறந்துட வேண்டியதுதானே?" என்றேன்.

"உனக்குந்தான் காலு இருக்கு. ஆத்து மேல நடந்து போயேன்." கூண்டின் அடித்தட்டை வழித்துக்கொண்டே, "இங்க அவளுக்கு ஜோடி இல்லடா அபூலி. முட்டை வைக்காமலே செத்துப்போவா" என்றாள்.

நிலையத்துக்காரர்கள் பிடிவாதமாகச் சொல்கிற விதி ஒன்று உண்டு. பிடித்த பூச்சியைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மீறினால் வேலை போய்விடும்.

போன வாரம், உச்சிவெயிலில் வாளி இல்லாமல் வந்தாள். வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே, மடங்கிய இறக்கைகள்.

"பெரிய காட்டுக்கு விடு."

"அக்கா, நிலையத்துல தெரிஞ்சா?"

"வண்டிய எடுடா."

எடுத்தேன். கரும்புக்குள் நுழைந்ததும் வெயில் மண்டையைப் பிளந்தது. பின்னால் ஏதோ படபடக்கும் சத்தம் கேட்டுக் கண்ணாடியில் பார்த்தேன். முடி கொட்டிப்போனதைப் பேரப்பிள்ளைகளுக்குக்கூடக் காட்டாதவள், தலைத்துணியை அவிழ்த்து, இடது கையால் அத்வோக்கிக்கு மேலே விரித்துப் பிடித்திருந்தாள். வழுக்கை விழுந்த உச்சந்தலை வெயிலில் பளபளத்தது. கரும்பில் களை எடுத்துக்கொண்டிருந்த அராலி அண்ணனும் கூலியாட்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். அவள் துணியை இறக்கவில்லை.